அய்யாவு டெய்லரின் ராசிக்கை

தமிழா? உங்க பேச்சு காதுல விழுந்ததுமே தெரிஞ்சுபோச்சு சார். கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மூணு நாளா இந்த டில்லியில வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச ஆளில்லாம நாக்கு ஒட்டிப்போச்சு. அந்தா வரிசையா உக்காந்திருக்கே, அந்தப் பொம்பளைப் பிள்ளைக எல்லாம் நீங்க கூட்டிக்கிட்டு வந்ததா? வாத்தியாரா நீங்க? எத்தனை பேரு? இருபத்திரண்டா! பார்லிமென்ட் பார்க்கவா? நல்ல காரியம். எந்த ஊரு?

அட, நம்ம தொகுதியில்ல! ஜூன்லதான் மாறுதலாகி வந்தீங்களா, அதான் என்னைத் தெரியலை. ஊருக்குப் போனதும் சோலைமணின்னு ஒரு பேரைச் சொல்லிப் பாருங்க. நடுரோட்டுல போறவன் ஓரமா ஒதுங்குவான். அம்புட்டு மரியாதை. நீங்க குணவதி மேடம், குணவதி மேடம்ங்கிறீங்களே, உங்க எம்.பி., அந்த மேடத்துக்குத் தாலி கட்டின புருஷன் நான்தான்.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? எம்.பி. புருஷன் எதுக்குப் பாஸுக்காக வெளியில உக்காந்திருக்கான்னா? புருஷன்மாருக்குன்னு தனி அட்டையே உண்டாம். அதுக்கு அவ எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுக்கலை. மறந்திருப்பா. குவார்ட்டர்ஸுக்குப் போனா, வாசல்ல நிக்கிறவன் ஒரு லிஸ்ட்டைப் பார்த்துட்டுத் தலையை ஆட்டுறான். ஊருல இருந்தா அந்தத் தலை கழுத்துல நின்னிருக்காது. ஊரு விட்டு ஊரு, பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்துட்டேன். நான் கோவக்காரன் இல்லை சார்.

காலையில ஃபாரம் எழுதிக் குடுத்தேனே, அதுல கீழே என்னமோ இங்கிலீசுல இருந்துச்சு. உங்க பிள்ளைக ஃபாரத்துலயும் அதே இருந்திருக்குமே, என்ன சார் அது? "இவர் எனக்கு நேரில் தெரிந்தவர், இவருக்கு நான் முழுப் பொறுப்பு." அதுக்குக் கீழே எம்.பி. கையெழுத்தா? பதினேழு வருசம் என்கூட வாழ்ந்தவளுக்கு என்னைய நேர்ல தெரியாமப் போகுமா? போட்டுருவா. அவளோட உதவியாளர் பொண்ணு ஒண்ணு வந்து உங்க இருபத்திரண்டோட சேர்த்து என்னோடதையும் வாங்கிக்கிட்டுத்தானே உள்ளே போச்சு. வரட்டும். அதுவரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்.

பையில சேலை ஒண்ணு, அல்வா ஒரு கிலோ. ஒரு வேலையா வந்திருக்கேன் சார். வர்ற பதினேழாம் தேதி கோர்ட்டு. என் மேல ஒரு கேஸு. இதுக்கு முன்னாடி ஒம்பது கேஸு இருந்துச்சு, ஒம்பதுலயும் விடுதலை. சாட்சி சொல்ல ஒருத்தன்கூட வரலை. ஊருல அவ்வளவு பிரியம் என் மேல. இந்தப் பத்தாவது கேஸுக்கு மட்டும் ஒரு சாட்சி இருக்கு. ஒரே சாட்சி. அது குணவதி.

அவ கூண்டுல ஏறி "நான் ஒண்ணும் பார்க்கலை"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் வீட்டுக்கு வந்துருவேன். "பார்த்தேன்"னு சொன்னா, ரெண்டு வருசத்துக்குக் குறையாதுங்கிறான் வக்கீலு. ரெண்டு வருசம் விழுந்தா உள்ளே இருந்துட்டு வந்து இன்னும் ஆறு வருசம் எலெக்சன்ல நிக்க முடியாது. எனக்கு இப்ப அம்பத்தொண்ணு. கணக்குப் போட்டுக்கங்க. ஜெயிலு எனக்குப் புதுசு இல்லை சார், களி தின்னு பழகின வயிறு. ஆனா நான் எம்.பி. ஆகணும். அதுக்குத்தான் இருபத்தாறு வருசம் உழைச்சிருக்கேன்.

உழைப்புன்னா சும்மா உழைப்பு இல்லை. கட்சியில எனக்கு அப்பன் கிடையாது, மாமன் கிடையாது. இந்தக் கை ஒண்ணுதான். எதிர்க்கட்சி பூத் ஏஜெண்டு ஒருத்தன், கள்ள ஓட்டுன்னு எந்திரிச்சு நின்னான். இரும்பு நாற்காலியை எடுத்துத் தலையில ஒரு போடு. பதினாலு தையல். மறுவாரம் நான் கிளைச் செயலாளர். பொதுக்கூட்டத்துல எங்க ஒன்றியச் செயலாளரைக் கேள்வி கேட்டவனுக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. நாலு வருசத்துல அந்த ஒன்றியச் செயலாளரையே மேடைக்குப் பின்னாடி வச்சு ரெண்டு மிதி மிதிச்சேன், அவரு உடம்பு சரியில்லைன்னு பதவியை விட்டுட்டாரு. நான் ஒன்றியம். இப்படி ஒவ்வொரு படியா ஏறி வந்தவன் சார். குறுக்கு வழியில வந்தவன் இல்லை.

பிள்ளைக காதுல விழுதா? விழட்டும். அதுகளும் அரசியல் தெரிஞ்சுக்கட்டுமே.

போன எலெக்சனுக்கு எனக்கு சீட்டு வந்துருச்சு. எம்.பி. சீட்டு! தலைமையில இருந்து போன் வந்தப்ப அழுதுட்டேன். நிசமாத்தான் சொல்றேன், தேம்பித் தேம்பி அழுதேன். மாற்று வேட்பாளர்னு ஒரு ஆளைப் போடணும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம மனு எதுக்காவது தள்ளுபடி ஆனா கட்சி சின்னத்துல அந்த ஆளு நிப்பாரு. கூடப் பிறந்தவனையே நம்ப முடியாத காலம். எவனையாவது போட்டா அவனே எனக்குக் குழி பறிச்சுருவான். அதனால குணவதியைப் போட்டேன். வாயில்லாப் பூச்சி. பி.ஏ. படிச்சிருந்தா, ஆனா நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

சந்தோசத்துல மாவட்டச் செயலாளருக்கு வீட்டுல ஒரு கறி விருந்து வச்சேன். நல்லா சாப்பிட்டுட்டு மனுசன் கேக்குறாரு, "சோலை, உன் ஆறு சட்டமன்றத் தொகுதியிலும் சேர்த்து எத்தனை லட்சம் வாக்காளர்?" எனக்கு எப்படிங்க தெரியும்? நான் என்ன ஒவ்வொருத்தனா எண்ணிக்கிட்டா இருந்தேன்? முழிச்சேன். ரசம் ஊத்திக்கிட்டிருந்த இவ, "பதினாலு லட்சத்து எழுபதாயிரம்ங்கண்ணே, அதுல பொம்பளைங்கதான் கூட"ங்கிறா. மாவட்டம் சிரிச்சுட்டாரு. "ஏப்பா, தங்கச்சிக்கே சீட்டைக் குடுத்திருக்கலாம் போலிருக்கே!"

அவரு காரு தெருமுனை திரும்புற வரைக்கும் பொறுத்தேன். பொறுமைக்கு என்னைய அடிச்சுக்க ஆள் கிடையாது. உள்ளே வந்து கையில கிடைச்ச எவர்சில்வர் செம்பால ஒண்ணே ஒண்ணு. புருவத்துல பட்டுருச்சு. ரத்தம் பாருங்க, இலை போட்ட இடமெல்லாம் ரத்தம். நானே காரை எடுத்துக்கிட்டுப் போயி மூணு தையல் போட்டுக் கூட்டியாந்தேன். அடிக்கிற கைதான் சார் அணைக்கும். அவ என்னடான்னா, தையல் போடுறப்பகூட என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தா.

இப்ப அய்யாவுக்கு வர்றேன். அய்யாவு டெய்லர். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கடை. எங்க கட்சிக் கொடி அத்தனையும் அவரு தச்சதுதான். வயசு அறுபத்தஞ்சு இருக்கும், ஓமக்குச்சி மாதிரி ஆளு. எங்க தொகுதியில ஒரு வழக்கம். எங்க கட்சியில யாரு எம்.பி.க்கு நின்னாலும் அய்யாவுதான் முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடணும். மனுத்தாக்கல் அன்னைக்குக் கோயிலுக்குப் போயிட்டு, மேளதாளத்தோட அவரு கடைக்குப் போகணும். தையல் மிசின் மேல ஃபாரத்தை வச்சு, அவரு கையெழுத்துப் போட்டு, நெத்தியில திருநீறு பூசி விடுவாரு. ஆறு எலெக்சன் அவரு போட்ட கையெழுத்து, ஆறும் ஜெயம். ஒரே ஒரு தடவை அவருக்கு அம்மை போட்டிருந்துச்சு, வேற ஆளு போட்டான். டெபாசிட் காலி. ராசிக்கை சார் அது.

மனுத்தாக்கலுக்கு முந்தின நாளு குணவதி அவரு கடைக்கு ரவிக்கை வாங்கப் போனவ, தன்னோட மாற்று ஃபாரத்துலயும் அவருகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டா. சும்மா பேருக்குத்தானே நிக்கிறா, அலைச்சல் மிச்சம்னு நானே மெச்சிக்கிட்டேன். என்னோட ஃபாரம் மட்டும் மறுநாள் நல்ல நேரத்துக்காகக் காத்திருந்துச்சு.

புதன்கிழமை, மனுத்தாக்கலுக்குக் கடைசி நாளு. பன்னெண்டு மணிக்கு ராகு காலம், அதுக்குள்ளே தாக்கல் பண்ணணும். ஒம்பதரைக்குக் கடைக்குப் போயிட்டேன். வெளியில மேளம், வெடி, ஐந்நூறு பேரு. உள்ளே நானு, குணவதி, அய்யாவு. ஃபாரத்தை மிசின் மேல வச்சேன். மனுசன் பேனாவை எடுத்தாரு, மூடியைக் கழட்டினாரு, இவ புருவத்துக் கட்டைப் பார்த்தாரு. பேனாவை மூடிட்டாரு.

"சோலை, ஒரு சத்தியம் பண்ணு. இனிமே இந்தப் பிள்ளை மேல கை வைக்க மாட்டேன்னு சொல்லு. போட்டுருறேன்"ங்கிறாரு.

"அய்யாவண்ணே, நல்ல நேரம் போகுது, விளையாடாதீங்க"ன்னேன்.

"விளையாடலைப்பா. நாளைக்கு லட்சக்கணக்கான பொம்பளைக உன்னைய நம்பி ஓட்டுப் போடப் போறாளுக. சத்தியம் பண்ணு."

என்ன கேட்டுட்டாரு, ஒரு சத்தியம். பண்ணியிருக்கலாம்தான். நான் எத்தனையோ சத்தியம் பண்ணியிருக்கேன், கற்பூரத்தை அணைச்சுப் பண்ணியிருக்கேன். ஆனா இவ முன்னாடி எப்படி சார் பண்றது? பண்ணிட்டா அப்புறம் இவ என்னைய மதிப்பாளா? எனக்குக் காதுக்குள்ளே கொய்யுன்னுச்சு. ஷட்டரை இழுத்து விட்டேன். அவரு வலது மணிக்கட்டைப் பிடிச்சேன். பிடிச்சுத் துணி வெட்டுற பலகை விளிம்புல வச்சு ஒரு அமுக்கு. மரவள்ளிக் கிழங்கை ஒடிச்ச சத்தம். வெளியில மேளம் அடிச்சதால ஒருத்தனுக்கும் கேக்கலை.

மனுசன் கத்தக்கூட இல்லை. வாயைத் திறந்தாரு, சத்தம் வரலை. கை தனியாத் தொங்குது. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு சார், பொய் சொல்லலை. அந்தக் கையில தச்ச சட்டையைத்தான் நான் அன்னைக்குப் போட்டிருந்தேன். ஆனா மணியைப் பார்க்கிறேன், பத்தாகப் போகுது. கையெழுத்துப் போட அந்தக் கை இல்லை. என்ன பண்ண? ரசீதுக்குச் சீல் குத்துற மை டப்பா அங்கேயே இருந்துச்சு. இடது கைப் பெருவிரலைப் பிடிச்சு மையில அழுத்தி ஃபாரத்துல ஒரு குத்து. ரேகையும் கையெழுத்தும் ஒண்ணுதானே? அந்த மனுசனோட விரல்தானே?

குணவதி ஸ்டூல்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அழலை, கத்தலை. எல்லாம் முடிஞ்ச பிறகு எந்திரிச்சு வந்து, வெட்டி வச்சிருந்த கொடித் துணியில ஒரு முழம் கிழிச்சு அந்தக் கைக்குத் தொட்டில் கட்டினா. "சித்தப்பா, மெல்ல"ன்னா. சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது, சித்தப்பாவாம்!

கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். தேர்தல் அதிகாரி ஒரு அம்மா. ஃபாரத்தைப் பார்த்துட்டு, "முன்மொழிஞ்சவரு ரேகை வச்சிருக்காரே, ரேகைன்னா அவரு என் முன்னாடி வந்து வைக்கணும். மூணு மணிக்குள்ளே கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா பரிசீலனையில நிக்காது"ன்னாங்க. எங்கே கூட்டிட்டு வர்றது? அவரை அதுக்குள்ளே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயாச்சு. நான் மேசைக் கண்ணாடியில ஓங்கி ஒரு குத்து விட்டேன். கண்ணாடி தெறிச்சு என் கையே கிழிஞ்சு போச்சு. அந்த அம்மா அசையலை. "எழுதிக்கங்க"ன்னு பக்கத்துல இருந்த இன்ஸ்பெக்டருகிட்ட சொன்னாங்க.

வெளியில வந்ததும் எங்க வக்கீலு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சுறான். "அண்ணே, இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. ஓட்டு இருக்கிற எவனாவது ஒருத்தனை வச்சு வேற ஃபாரத்துல கையெழுத்து வாங்கிப் போட்டுருவோம். ரெண்டு நிமிச வேலைண்ணே."

எவனாவது ஒருத்தனா? ஆறு தடவை ஜெயிச்ச கையை விட்டுட்டு எவனோ ஒருத்தன் கையா? அதுவும் ராகு காலம் நெருங்குற நேரத்துல? விட்டேன் பாருங்க ஒரு அறை, வக்கீலு கண்ணாடி படிக்கட்டுல உருண்டு போயிருச்சு. அப்புறம் அவன் பேசலை. கூட வந்த எவனும் பேசலை. ஒருத்தனாவது என்னைய மறிச்சு நாலு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம்ல? அத்தனையும் நன்றி கெட்ட நாயிக.

மறுநாள் பரிசீலனை. என் பேரைப் படிச்சாங்க, தள்ளுபடின்னாங்க. உசுரு போயிருச்சு சார் எனக்கு. இருபத்தாறு வருசம்! ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டாங்க. "மாற்று வேட்பாளர் வந்திருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. பின்னாடி இருந்து "வந்திருக்கேன்"னு ஒரு குரல். யாருடா இதுன்னு திரும்பிப் பார்த்தா, இவ! அந்தக் குரலை நான் வீட்டுல கேட்டதே இல்லை.

பிரச்சாரத்துக்கு நான்தான் முன்னாடி போனேன். நாலாவது நாளு ஒரு பொம்பளை தண்ணி வரலைன்னு கத்த, ஒருத்தன் அதை செல்லுல படம் பிடிச்சான். செல்லைப் பிடுங்கி அவன் மூஞ்சியிலயே அடிச்சேன். மூக்கு உடைஞ்சிருச்சு, அதையும் எவனோ படம் பிடிச்சிருக்கான். "நீ வீட்டை விட்டு வெளியில வந்தே, கட்சியை விட்டே வெளியில போயிருவே"ன்னுட்டாரு மாவட்டம். அப்புறம் ஜீப்புல அவ பக்கத்துல யாரு நின்னாங்கன்னு நினைக்கிறீங்க? அய்யாவு! வெள்ளை மாவுக்கட்டோட. ஊரே அந்தக் கையைப் பார்க்குது. அவ ஒண்ணும் சொல்லலை, அவரும் ஒண்ணும் சொல்லலை. சும்மா கும்பிட்டுக்கிட்டே போறாங்க. ஒத்தைக் கையால கும்பிடுறாரு மனுசன். ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம் ஓட்டு வித்தியாசம். நான் ஜெயிச்சதை நான் டிவியிலதான் பார்த்தேன்.

ஆமா, நான் ஜெயிச்சதுதான். பின்னே யாரு? சனங்க என் முகத்துக்குத்தானே ஓட்டுப் போட்டாங்க.

எலெக்சன் முடிஞ்சதும் அய்யாவு கேஸ் குடுத்துட்டாரு. மிசினு ஓட்ட முடியலையாம், கத்திரி பிடிக்க முடியலையாம். தடுக்கி விழுந்து ஒடிஞ்ச கைதான்னு நம்ம பக்கம் சொல்லியாச்சு. உள்ளே இருந்தது மூணு பேரு. ஒருத்தரு கேஸ் குடுத்தவரு, ஒருத்தன் நானு. மிச்சம் இவ.

இவ டில்லிக்கு வந்தவதான், ஊருக்கு வந்தாலும் வீட்டுக்கு வர்றதில்லை, போனும் எடுக்கிறதில்லை. முதல் தடவை சபையில பேசினப்ப டிவியில பார்த்தேன். பேப்பரைப் பார்க்காம நாலு நிமிசம் பேசுறா. ஆளே மாறிட்டா. அந்தப் புருவத் தழும்பு டிவியில பளிச்சுன்னு தெரியுது சார். பவுடர் போட்டு மறைச்சிருக்கலாம்ல? முடியையாவது இழுத்து விட்டிருக்கலாம்ல? என் மானத்தை வாங்கணும்னே அப்படி நிக்கிறா. டிவியை உடைச்சுட்டேன்.

இருந்தாலும் பொண்டாட்டி சார். ராத்திரி பகலா அவ நினைப்புத்தான். வீட்டுல ஒரு சத்தம் இல்லை. சோத்தைப் போட்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா"ன்னு கேக்க ஒரு ஆள் இல்லை. அதுக்குத்தான் சேலையும் அல்வாவும். நேர்ல பார்த்தா இளகிருவா. உள்ளே போயி, ஓரமாக் கூப்பிட்டு, "குணவதி, நீ எதையும் பார்க்கலை, என்ன?"ன்னு கேட்டா, தலையாட்டாமயா போயிருவா? இதுவரைக்கும் என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை அவ.

இந்தா, பொண்ணு வந்துருச்சு. எந்திரிங்க சார். என்னம்மா, கையெழுத்தெல்லாம் ஆச்சா? முதல்ல வாத்தியாருக்குக் குடு. சார், காட்டுங்க. இருபத்திரண்டும் போட்டிருக்காளா? ஆமா, அவ கையெழுத்துத்தான். அந்த "கு"வை இப்படித்தான் பெருசா வளைப்பா. இருபத்திரண்டு தடவை வளைச்சிருக்கா பாருங்க, ஒண்ணுகூடக் கோணலை. என்னோடதைக் குடும்மா.

என்ன இது?

என்னம்மா இது? கையெழுத்துப் போடுற இடத்துல ரேகை வச்சிருக்கு? பி.ஏ. படிச்சவ ரேகை வப்பாளா? மை இன்னும் காயலை, என் கையிலயே ஒட்டுது. யாரு வச்சது, மேடமேவா? உன் கண்ணு முன்னாடியா? இடது கையாலயா? என்ன சொன்னா? "அவருக்குப் புரியும்"னாளா?

கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற இந்த ஆளு என்ன சார் சொல்றான், இந்தி எனக்கு வராது. செல்லாதா? ரேகை செல்லாதுங்கிறானா?

இடது கை சார் இது. இடது கைப் பெருவிரல். அப்ப பதினேழாம் தேதி வந்து சொல்லப் போறா. எல்லாத்தையும் சொல்லப் போறா. பலகை, மை டப்பா, ஷட்டரு, ஒண்ணு விடாம. பார்த்துக்கிட்டே இருந்தாளே, அன்னைக்குப் பூராவும் பார்த்துக்கிட்டே இருந்தாளே சார்!

சார், நீங்க ஒரு உதவி பண்ணுங்க. நீங்க உள்ளே போறீங்கள்ல. அவளைப் பார்த்து நீங்க சொல்லுங்க. காலையில இருந்து என்கூடப் பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க, என்னைய இப்ப உங்களுக்கு நேர்ல தெரியும். நல்ல மனுசன், நான் பொறுப்புன்னு ஒரு வார்த்தை. நீங்க படிச்சவரு, நீங்க சொன்னாக் கேப்பா.

எங்கே சார் எந்திரிக்கிறீங்க? பிள்ளைக இருக்கட்டும் சார், அதுக எங்கே ஓடிப் போகப் போகுது? பதில் சொல்லிட்டுப் போங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல.

எதுக்கு இப்ப அந்தப் போலீஸ்காரங்க இங்கே வர்றாங்க? பிள்ளைக எதுக்கு அழுதுக? நான் என்ன பண்ணிட்டேன்? சும்மா கையைத்தானே பிடிச்சிருக்கேன். பேசும்போது பிடிக்கிறதுதான் சார் இது. விடுறேன், விடுறேன். ஒரு சத்தியம் மட்டும் பண்ணிட்டுப் போங்க, விட்டுருறேன்.